தண்ணீர் இல்லாத மூன்று நாள்

மூன்றாம் நாள் பசிக்காது என்று ரத்தினபாய் அக்கா சொல்லியிருந்தாள். பொய். பசிக்கத்தான் செய்தது. முதல் நாள் வயிற்றில் இருந்தது, இரண்டாம் நாள் தலைக்கு ஏறியது, இன்றைக்கு வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கைக்கு வந்துவிட்டது. எதையாவது பிடித்து முறிக்க வேண்டும் போலிருந்தது எப்சிபாவுக்கு. ஆலயத்தை ஒட்டிய ஜெப அறையில், சிமெண்டுத் தரையில் விரித்த பாயில், பதினேழு பெண்களுக்கு நடுவே முழங்காலில் நின்றபடி அவள் ஒரு கையால் மற்றொரு கையைப் பிடித்து வைத்திருந்தாள். சுவரில் மணி பதினொன்றரை. மூன்று மணிக்கு டவுனில் மாஜிஸ்திரேட் முன்னால் போய் நிற்க வேண்டும். நின்று ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பெயர், நாலெழுத்து. அதைச் சொல்லுகிற துணிவுக்காகத்தான் மூன்று நாளாகச் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. துணிவைத் தாரும் ஆண்டவரே, துணிவைத் தாரும் ஆண்டவரே என்று உதடு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, தையல் மிஷினில் நூல் அறுந்த பிறகும் ஊசி குத்திக்கொண்டிருக்குமே அந்த மாதிரி. இருபத்தாறு நாளாகக் கேட்கிறாள். கடன்காரன்கூட இத்தனை நாள் தவணை சொல்ல மாட்டான் என்று நினைத்தாள், நினைத்ததற்கு உடனே மன்னிப்புக் கேட்டாள், கேட்டுவிட்டு மறுபடியும் அதையே நினைத்தாள். பக்கத்தில் புஷ்பம் கண்ணை இறுக மூடிக்கொண்டு உரக்க அழுது ஜெபித்துக்கொண்டிருந்தாள். புஷ்பத்தின் எச்சில் ஒரு துளி எப்சிபாவின் முழங்கையில் தெறித்தது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஈரம். வாய் வைத்து உறிஞ்சிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சீ என்று தோன்றவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

கண்ணை மூடினால் தம்பி ஓடி வருவான். அதனால் அவள் கண்ணை மூடுவதில்லை, ஆனால் ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பவளை நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள், அதனால் மூடினாள், அவன் ஓடி வந்தான். ஆசீர். முப்பத்துநாலு வயது. வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கால் செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு, வாயைத் திறந்துகொண்டு. ஆலய நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டித் தேர்தலுக்கு ஓட்டு எண்ணி முடித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செயலாளர் யார் என்பதற்கு இந்த ஊரில் மண்டை உடைவது புதிதில்லை, ஆசீரே போன தேர்தலில் ஒருத்தன் மண்டையை உடைத்தவன்தான், அதை அவள் மறைக்கவில்லை. ஆனால் மண்டை உடைவது வேறு. அவள் மணிக்கூண்டுக்குப் பின்னால் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். சண்டை ஆலயத்து முன்வாசலில், சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஆசீர் பக்கவாட்டில் ஓடி வந்தான், பின்னால் முகத்தில் துண்டு கட்டிய மூன்று பேர், படியில் தடுக்கினான், எழுந்திருக்குமுன் முதல் வெட்டு தோளில். நுங்கு சீவுகிற சத்தம். இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை, அது வேறு ஏதாவது சத்தமாக இருந்திருக்கலாம், கோடை வந்தால் தெருவுக்குத் தெரு கேட்கிற சத்தமாக இருந்திருக்க வேண்டாம். இரண்டாவது வெட்டுக்கு அவன் கையைத் தூக்கினான், கை விரல் இரண்டு போயிற்று. மூன்றாவது கழுத்தில். நாலாவதும் ஐந்தாவதும் எதற்கு? மூன்றாவதிலேயே முடிந்துவிட்டதே, எதற்கு அந்த இரண்டு? அந்த இரண்டையும் வெட்டியபோதுதான் அரிவாள் வைத்திருந்தவன் முகத்திலிருந்த துண்டு நழுவியது. ஜெபசிங். இந்த ஜெபக்கூட்டத்தை நடத்துகிற ரத்தினபாய் அக்காவின் ஒரே மகன். ஓய்வுநாள் பள்ளியில் எப்சிபாவிடம்தான் வசனம் படித்தான், மூக்கு ஒழுகிக்கொண்டே ஒப்பிப்பான், அவள்தான் தன் முந்தானையால் துடைத்துவிடுவாள். அதே முந்தானையைத்தான் அன்றைக்குத் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கத்தாமல் இருக்க. தொண்டை வரைக்கும் திணித்தாள், வாந்தி வந்தது, அதையும் முந்தானைக்குள்ளேயே அடக்கிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். ஒரு சத்தம் போட்டிருந்தால். ஒரு சத்தம். நாலாவது வெட்டும் ஐந்தாவதும் விழாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்றாவதிலேயே முடிந்துவிட்டதே. முடிந்துவிட்டதா, யாருக்குத் தெரியும், டாக்டரா அவள்? இந்த இடத்தில் வந்து மனசு சிக்கிக்கொள்ளும். மூன்றாவதிலா, ஐந்தாவதிலா. சாப்பாடு இல்லாத வயிற்றுக்குள் அந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி வரும், போவதற்கு வழியில்லாமல்.

இன்ஸ்பெக்டர் மறுநாள் கேட்டார். "நீங்க அந்தப் பக்கம்தான் நின்னீங்கன்னு சொல்றாங்களே." அவள் சொன்னாள்: "குழாயடியில நின்னேன் சார். எதையும் பாக்கல." தம்பியின் குழியில் மண் அள்ளிப் போட்ட கையைக் கழுவுவதற்குள் சொன்னாள். துண்டு கட்டிய மூன்று பேர் என்பதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஊரே வாயை மூடிக்கொண்டது, ஊர் மூடியது அவளுக்கு வசதியாக இருந்தது என்பதுதான் அசிங்கம். புருஷன் பம்பாயில் கடையில் நிற்கிறான், போனில் சொன்னான்: "நமக்கு ஒரு பொம்பளப்பிள்ள இருக்கு. நீ எதுவும் பாக்கல, சரியா." சரி. பெண் மதுரையில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள், பஸ்ஸில் வந்து போகிறாள். பஸ்ஸில் வந்து போகிற பெண்ணின் கழுத்து. அங்கே போக வேண்டாம். துணிவைத் தாரும் ஆண்டவரே. இத்தனை நாளும் இப்படித்தான், ஒரு பக்கம் மகள் கழுத்து, ஒரு பக்கம் தம்பி கழுத்து, நடுவில் அவள் முழங்காலில் நின்றாள். பிறகு சம்மன் வந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மாஜிஸ்திரேட்டிடம் ஒருமுறை சொல்ல வேண்டுமாம், அவள் முறை இந்த வெள்ளிக்கிழமை மூன்று மணி. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அவள் சீட்டு எழுதினாள்.

இந்த ஜெப அறையின் வழக்கம் அது. உபவாச ஜெபம் முடிய அரைமணி நேரம் இருக்கும்போது ஒரு பழைய பிஸ்கட் டப்பா சுற்றி வரும். அவரவர் பாரத்தைப் பெயர் போடாமல் எழுதி மடித்துப் போட வேண்டும். டப்பாவைக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுத்து, கையில் வந்ததை உரக்கப் படித்து அதற்காக ஜெபிக்க வேண்டும், மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். உன் பாரத்தை உன் வாயால் கேட்பதைவிட இன்னொருத்தி வாயால் போனால் பலம் அதிகம் என்று ரத்தினபாய் அக்கா பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்து வைத்தது. பிள்ளை இல்லாதவள், குடிகாரன் பெண்டாட்டி, நெஞ்சுவலிக்காரி, எல்லார் பாரமும் அந்த டப்பாவுக்குள் போய் எல்லார் வாயாலும் வெளியே வந்திருக்கிறது. எப்சிபா எழுதினாள்: கண்ணால் கண்டதைச் சொல்ல எனக்குத் துணிவு தாரும். அந்தச் சீட்டை அன்றைக்கு எடுத்தது ரத்தினபாய் அக்கா. விரித்தாள், பார்த்தாள், மடித்தாள். "இது அந்தரங்கமான விண்ணப்பம். மனசுக்குள்ள ஜெபிக்கேன்" என்றாள். எப்சிபாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அக்காவின் பெரிய மனசை நினைத்து. தன் மகனுக்குச் சுருக்குக் கயிறு திரிக்கும் சீட்டு என்று தெரியாமல் அதற்காக ஜெபிக்கிறாளே, பாவம், என்று அக்காவுக்காகவும் சேர்த்து அழுதாள்.

திங்கட்கிழமை காலையில் கூட்டைத் திறந்தால் ஆறு கோழியும் கழுத்து திருகிக் கிடந்தன. செவ்வாய்க்கிழமை வீட்டுக் கதவில் சிவப்புப் பெயிண்டில் ஒரு நாக்கு வரைந்து நடுவில் கோடு போட்டிருந்தது. அக்காவிடம்தான் ஓடினாள், வேறு யாரிடம் ஓடுவாள்? "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு எனக்கு ஒரு பெரிய காரியம் இருக்குக்கா. அதுக்குள்ள இப்படியெல்லாம் நடக்கு. கை காலு வெடவெடன்னு வருது" என்றாள். ரத்தினபாய் அக்கா அவள் தலையைத் தடவினாள். "நல்ல காரியத்துக்கு நாம முழங்கால் போட்டா சாத்தான் சும்மா இருப்பானா? கோழிக் கழுத்தத் திருகுவான், கதவுல படம் போடுவான். நீ ஒண்ணும் யோசிக்காத. புதன், வியாழன், வெள்ளி, மூணு நாள் முழு உபவாசம் இரி. பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது. நானும் உன்கூட இருக்கேன்." சாத்தானின் சோதனை. அது சரியாகத்தான் பொருந்தியது. இத்தனை வருஷமாகக் கற்றுக்கொண்டது அதுதான், உபவாசம் கடுமையாக ஆக எதிர்ப்பும் கடுமையாகும், கோழி செத்தால் ஜெபம் வேலை செய்கிறது என்று அர்த்தம். போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று புத்தியில் படவே இல்லை. கோழிகளைப் புதைத்துவிட்டு ஸ்தோத்திரம் சொன்னாள்.

இப்போது அக்கா எழுந்து வரிசையாக ஒவ்வொரு தலையாகக் கை வைத்து ஜெபித்துக்கொண்டு வந்தாள். வெள்ளைப் புடவை, உலர்ந்த உதடு, அவளும் மூன்று நாளாக ஒன்றும் குடிக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எப்சிபா அந்தக் கழுத்தைப் பார்த்தாள். மெல்லிய கழுத்து, நடுவில் ஒரு நரம்பு துடித்தது. ஒரு கையால் பிடிக்கலாம். இந்தக் கழுத்துக்குள்ளிருந்துதானே அவன் வந்தான் என்று தாறுமாறாக ஒரு நினைப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று எண்ணி, ஐந்துக்கும் சரியாக, நாலாவதையும் ஐந்தாவதையும் அநாவசியமாக, இந்த வெள்ளைப் புடவையில். பாயின் கோரை நகத்துக்குள் ஏறியது. துணிவு கேட்டு வந்தவளுக்கு இது என்ன? மூன்று நாள் பட்டினிக்கு மேலேயிருந்து இறங்கியது இதுதானா, கொலைவெறியா? ஐயோ ஆண்டவரே, நான் அப்பம் கேட்டேன், நீர் அரிவாளைக் கொடுக்கிறீரே. அந்த அம்மாள் என்ன பாவம் செய்தாள்? அவளுக்கு ஒன்றும் தெரியாதே. கை தலைமேல் வந்து விழுந்தது. "உம்முடைய அடியாளுக்குத் தைரியத்தைக் கொடும்" என்றாள் அக்கா. கை அழுத்தியது. வழக்கமாக இப்படி அழுத்தாது. கழுத்து உள்ளே இறங்குகிற மாதிரி அழுத்தியது, விரல்கள் மயிரைக் கொத்தாகப் பிடித்தன. "உமக்குச் சித்தமானதைப் பேசவும், சித்தமில்லாததைப் பேசாதிருக்கவும் தைரியத்தைக் கொடும்." எல்லாரும் ஆமென் என்றார்கள். எப்சிபாவும் சொன்னாள். சொன்னபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது, தோலே வந்துவிட்டதோ என்று இருந்தது. இந்த நாக்கை வைத்துக்கொண்டு கோர்ட்டில் எப்படிப் பேசுவது? எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. காலையில் வாசல்படியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாள். அங்கே கூண்டில் மயங்கி விழுந்தால் அடித்துத் துவைத்த துணி மாதிரி தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான், சாட்சி முடிந்தது. விழுந்துவிட்டால் நல்லதுதான் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அது சாத்தான் குரல் இல்லை. அவளுடைய சொந்தக் குரல், பம்பாய்க்காரனின் பெண்டாட்டியின் குரல்.

டப்பா சுற்றி வந்தது. குலுக்கினார்கள். அவள் கையை விட்டு ஒன்றை எடுத்தாள், நீலத்தாள், நாலாக மடித்தது. புஷ்பம் தன்னுடையதைப் படித்தாள், யாருக்கோ மூட்டுவலி, ஆமென். அடுத்தவள் படித்தாள், மகனுக்கு வெளிநாட்டு வேலை, ஆமென். எப்சிபா பிரித்தாள். என் வீட்டுக்கு விரோதமாக எழும்புகிற நாவைக் கட்டும் ஆண்டவரே. இன்று மூன்று மணிக்குள் கட்டும். வலதுபக்கம் சாய்ந்த எழுத்து. பதினோரு வருஷமாக இந்த அறையின் கரும்பலகையில் வாராவாரம் அக்கா வசனம் எழுதுகிற எழுத்து. முதலில் ஒன்றும் புரியவில்லை. பட்டினி மூளை மெதுவாகத்தான் நகர்ந்தது. மூன்று மணி. மூன்று மணி என்று அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். மனசுக்குள் ஜெபிக்கிறேன் என்று மடித்த சீட்டு, பெயர் போடாவிட்டால் என்ன, ஓய்வுநாள் பள்ளி டீச்சரின் எழுத்து அக்காவுக்குத் தெரியாதா? மூன்றாம் நாளே கோழி. நாக்கு படம். பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. பல்லில் படக்கூடாது, நாக்கில் படக்கூடாது, கூண்டில் ஏறினால் வாயிலிருந்து காற்றுதான் வர வேண்டும். சாத்தான் சாத்தான் என்று அவள் புதைத்த ஆறு கோழியும். ஜெபப் பெட்டிக்குள்ளே போட்டது நேரே பரலோகத்துக்குப் போகும் என்று நினைத்தாளே, அது நாலு வீடு தள்ளி ஜெபசிங்கின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்படி ஒரு முட்டாளை எங்கேயாவது பார்க்க முடியுமா? தன் கழுத்தைத் தானே எழுதி மடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"சத்தமா படி எப்சி" என்றாள் ரத்தினபாய் அக்கா, இன்னும் இந்தப் பக்கம் பார்க்காமல். பிறகு பார்த்தாள். நீலத்தாளைப் பார்த்ததும் முகம் செத்தது. பாய்மேல் முழங்காலாலேயே நகர்ந்து வந்தாள், வயசான மனுஷி, புடவை சிக்கிக்கொண்டு. "உனக்கு முடியல. கொடு, நான் படிக்கேன்." கை நீட்டி மணிக்கட்டைப் பிடித்தாள். எப்சிபா விடவில்லை. அக்காவின் நகம் சதைக்குள் இறங்கியது, எப்சிபா மற்றக் கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு வளைத்தாள், ஒரு விரலில் சொடக்கு விழுந்தது, அக்கா முனகினாள், விட்டாள். முறிக்க வேண்டும் என்றிருந்த கை முறித்துப் பார்த்துவிட்டது. அது அவளுக்கு இன்பமாக இருந்தது. சுற்றியிருந்தவர்கள் ஆவியில் நிறைந்து ஏதோ நடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். எப்சிபா படித்தாள். கல்லில் கத்தி தீட்டுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. "என் வீட்டுக்கு விரோதமாக எழும்புகிற நாவைக் கட்டும் ஆண்டவரே. இன்று மூன்று மணிக்குள் கட்டும்." பதினாறு பெண்களும், மூட்டுவலிக்குச் சொன்ன அதே மாதிரி, ஆமென் என்றார்கள். அந்த ஆமென் அவள் நெற்றியில் அடித்தது. மணிக்கூண்டுக்குப் பின்னால் அவளாகத் திணித்துக்கொண்டதை இப்போது பதினாறு பேர் சேர்ந்து திணிக்கிறார்கள். இதற்குமேல் ஒருத்தி எப்படிப் பேசாமல் இருப்பாள்? எழுந்தாள். அறை சுற்றியது. புஷ்பத்தின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த நாக்கு என் நாக்குதான். கேட்டுக்கோங்க எல்லாரும். எந்தம்பி ஆசீர வெட்டுனது ஜெபசிங். நான் குழாயடியில நின்னு பாத்தேன். அஞ்சு வெட்டு. மூணு மணிக்கு அங்க போயி இதத்தான் சொல்லப்போறேன்."

ரத்தினபாய் அக்கா எழுந்து வந்தாள். ஓங்கி வாயில் அறைந்தாள். உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. எப்சிபா திருப்பி அடிக்கக் கையை ஓங்கினாள், அவளுக்கு அந்தக் கழுத்து பக்கத்தில் இருந்தது, துடிக்கிற நரம்போடு. அக்கா நகரவில்லை. அடி என்று கழுத்தைக் கொடுத்த மாதிரியே நின்றாள். "எனக்குத் தெரியாதுன்னா நினைக்க" என்றாள் மெல்ல, இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில், ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. "அன்னிக்கு அவன் சட்டைய நான்தாம்ட்டி தொவச்சேன். மூணு தண்ணியில அலசுனேன், போகல. அடுப்புல வச்சு எரிச்சேன். அன்னையிலருந்து நானும்தான் கெடக்கேன், பட்டினியா, முழங்கால்ல. போலீஸ்ல போயி சொல்லுததுக்குத் தைரியம் தாரும்னு. உன் சீட்டு கைக்கு வந்த அன்னிக்குக்கூட அதத்தான் கேட்டேன். வரல. வீட்டுக்குப் போனா அவன் சோறு போடும்மான்னு உக்காந்திருக்கான். எனக்கு வரல எப்சி. நீயும் மூணு நாள், நானும் மூணு நாள். உனக்கு மட்டும் எப்படிட்டி வந்துச்சு?"

எப்சிபாவின் ஓங்கிய கை அப்படியே நின்றது. பதில் சொல்ல நினைத்தாள். ஜெபத்தால் வந்தது என்று சொல்ல வாய் வரவில்லை, அது பொய்யாக இருந்தாலும் இருக்கும். பட்டினியால் வந்ததா, கோபத்தால் வந்ததா, விரல் சொடுக்கின இன்பத்தால் வந்ததா, பதினாறு பேர் சொன்ன ஆமெனால் வந்ததா, அவளுக்கே பிடிபடவில்லை. கர்த்தர் இந்த வழியாகத்தான் கொடுப்பார் என்றால் அவரும் கொஞ்சம் கொடூரமானவர்தான். வாய்க்குள் ரத்தத்தை விழுங்கினாள். கையை இறக்கினாள்.

"தெரியலக்கா" என்றாள். "மூணு மணி வர நிக்குமான்னும் தெரியல. நின்னா போயிச் சொல்லுவேன். நிக்காட்டாலும் போயிச் சொல்லுவேன்."

புடவையைச் சரிசெய்துகொண்டு பெண்களைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். யாரும் வழிவிட நகரவில்லை, தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. பின்னால் ரத்தினபாய் அக்கா தரையில் உட்காருகிற சத்தம் கேட்டது. புஷ்பத்தின் குரல், "எப்சிக்கா, இரு, நானும் வாரேன்" என்றது. வெயில் முகத்தில் அடித்தது, பஸ் நிறுத்தம் ஆலயத்து முன்வாசலைத் தாண்டித்தான் இருந்தது, அங்கே ஜெபசிங் பைக்கில் சாய்ந்து நின்று அம்மாவைக் கூட்டிப்போகக் காத்திருந்தான். எப்சிபாவின் உதட்டைப் பார்த்தான். "என்ன டீச்சர், வாயில ரத்தம்?" என்று கேட்டான்.

"உங்கம்மா அடிச்சா" என்றாள் எப்சிபா. "உம்பேரச் சொன்னதுக்கு."